அவருக்காக நான் பேசிய ஐந்து மாதங்கள்

குவைத்தில், அப்பாசியாவில் உள்ள ஓர் இந்தியப் பள்ளியில் நான் பிரெஞ்சு ஆசிரியை. பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் மறந்துவிடுகிற பிரெஞ்சுதான் அது. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, அதிலேயே பட்டமும் வாங்கியவள் நான். பிரான்சுக்குப் போனதில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பதினாறு வருடங்களில் ஒரு பிரெஞ்சுக்காரரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதுகூட இல்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு செப்டம்பர் மாதச் சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

பேசியவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர். கும்பகோணம் பக்கத்துக்காரர். ஒரு விளையாட்டுக் கிளப்பின் அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை.

"மேடம், ஒரு அவசரம். நம்ம கிளப்புக்குப் புதுசா ஒரு பாஸ்கெட்பால் பிளேயர் வந்திருக்காரு. பிரெஞ்சுக்காரரு. இங்கிலீஷ் மாஃபி மேடம், சுத்தமா கெடையாது. தேங்க்யூ, குட், டுமாரோ, இந்த மூணை வச்சே ரெண்டு நாளா ஓட்டுறாரு. நாளைக்கு மெடிக்கல். டாக்டர் கேக்குறதுக்கு யாராச்சும் பதில் சொல்லணும்ல?"

"எனக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கே," என்றேன். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்.

"சாயங்காலம்தான் மேடம். வண்டி அனுப்புறேன். நீங்க இருந்தா எனக்கும் ஒரு தைரியம்."

என் கணவர் சோபாவில் படுத்தபடி சிரித்தார். "போயிட்டு வாயேன். இவ்ளோ படிச்சதுக்கு ஒரே ஒரு பிரெஞ்சுக்காரனையாவது பாத்துட்டு வா."

மறுநாள் மருத்துவமனை வரவேற்பறையில் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்திருந்தபோதே பக்கத்தில் நின்றவர்களின் தோளுக்கு அவர் தலை இருந்தது. எழுந்தபோது நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மொட்டைத்தலை, தாடியில் அங்கங்கே நரை. வயது முப்பத்தைந்து என்று பிறகு தெரிந்தது. நான் வணக்கம் சொல்லி என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்த விதத்தை மறக்க முடியவில்லை. கூட்டத்தில் தொலைந்துபோன ஒருவருக்குத் தெரிந்த முகம் தென்பட்டால் அப்படித்தான் இருக்கும்.

"மேடம், நீங்க பேசுறது எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசுற மாதிரியே இருக்கு," என்றார். அவர் சொன்னது பிரெஞ்சில். இந்தக் கட்டுரை முழுக்க அவர் பேச்சை என் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் பேச்சு என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

எடை பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசியில் டாக்டர். வயதான எகிப்தியர், அவசரமே இல்லாதவர். இடது முழங்காலில் இருந்த தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பழைய அறுவைச் சிகிச்சையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம், இருபத்து மூன்று வயதில் என்று பதில் வந்தது. காலை மடக்கினார், நீட்டினார். பிறகு கேட்டார்: "இப்போது வலி உண்டா? ஆடிய பிறகு வீங்குமா?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே, பழைய கேள்விகளுக்குப் பதில் சொன்ன அதே குரலில் சொன்னார்: "வீங்குது மேடம். ஒவ்வொரு மேட்சுக்கு அப்புறமும் வீங்குது. காலைல படியில இறங்க முடியல. ஆனா நீங்க இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு இன்னும் ஒரே ஒரு சீசன் வேணும்." சொல்லி முடித்து, டாக்டர் நம்பும்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டிப் புன்னகைத்தார்.

டாக்டர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். இவ்வளவு நீளமாக என்ன பேசினார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நோ, டாக்டர்," என்றேன்.

'இல்லை என்று அவர் சொல்கிறார்' என்றாவது சொல்லியிருக்கலாம். அப்படியும் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அந்த அறையில் அவர் அவ்வளவு பெரிய உடம்போடு, காகித விரிப்புப் போட்ட கட்டிலில், காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அது ஒரு காரணம். டாக்டர் எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் எனக்குக் கோபம் வந்தது. "என்னை ஏன் இதுல இழுத்தீங்க? அவர்கிட்ட நேரா பொய் சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாராவது ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னு இருந்தது மேடம். ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லல."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் காலு, அவன் முடிவு. நீ மைக் மாதிரி. மைக்குக்கு என்ன பாவம்?" அந்தச் சமாதானம் எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

ஒரு நாளுக்கு என்று போனது, வாரத்துக்கு மூன்று மாலை என்று ஆயிற்று. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்தால் கீழே கிளப் வண்டி நிற்கும். பயிற்சியாளர் செர்பியாக்காரர், ஆங்கிலத்தில் கத்துவார். நான் மைதானத்தின் ஓரத்தில் சுடிதாரும் துப்பட்டாவுமாக நின்று அதைப் பிரெஞ்சில் சொல்வேன். திட்டுகிற இடங்களில் கொஞ்சம் சுருக்கிக்கொள்வேன். "அவர் திட்டினது இவ்ளோ சின்னதா இல்லையே மேடம்," என்பார் இவர். மேட்ச் நாட்களில் பெஞ்சின் கடைசி நாற்காலி எனக்கு. இரண்டு மீட்டர் ஆட்களுக்கு நடுவில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் கூட்டம் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

அவர் நன்றாக ஆடினார். கூடைப்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் தெரிந்தது. மற்றவர்கள் ஓடிப் போய்ச் சேர்கிற இடத்தில் இவர் முன்கூட்டியே நின்றிருப்பார். பந்து எங்கே விழும் என்று அவருக்கு மட்டும் யாரோ சொன்ன மாதிரி இருக்கும். ஓடுவதைக் குறைக்க அவர் கற்றுக்கொண்ட வழி அது என்று அவரே சொன்னார். "இருபது வயசுல நான் குதிப்பேன். இப்ப யோசிக்கிறேன்."

மேட்ச் முடிந்ததும் தன் குடியிருப்புக்குக் கீழே இருந்த பக்காலாவில் ஐஸ் கட்டி மூட்டை நாலைந்து வாங்கிப்போவார். அந்த மளிகைக் கடைக்கார மலையாளி ஒருமுறை, "சாருக்கு எப்பவும் பார்ட்டிதானா?" என்று என்னிடம் கேட்டார். குளியல் தொட்டியில் அந்த ஐஸைக் கொட்டி இடுப்புவரை உட்கார்ந்திருப்பாராம். பல் கிட்டித்துப்போகும்வரை.

ரிங் ரோடு நெரிசலில் வண்டி நகராத மாலைகளில் அவர் தன் கதையைச் சொல்வார். அவருடைய அம்மா கடல் கடந்த ஒரு தீவிலிருந்து பிரான்சின் வடக்குக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலை. இவருக்குப் பதினாலு வயதில் உயரம் ஒரு மீட்டர் தொண்ணூறைத் தாண்டியபோது, பயிற்சி மையத்திலிருந்து ஆள் வந்து அழைத்துப்போனார்கள். பெரிய ஆளாக வருவான் என்றார்கள். பத்தொன்பது வயதில் முதல் டிவிஷன் அணியில் இடம். இருபத்து மூன்றில் முழங்கால். ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டாவது டிவிஷன், பிறகு மூன்றாவது. ஒவ்வொரு வருடமும் ஒரு வருட ஒப்பந்தம், ஒவ்வொரு வருடமும் வேறு ஊர். ஒரு வருடம் பெல்ஜியம். கல்யாணம் ஆகி, மூன்றாவது ஊரிலேயே மனைவி இனிமேல் பெட்டி கட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"எத்தனை ஊர்?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். நடுவில் ஒரு ஊரின் பெயர் வரவில்லை. "அங்க ஒரு வருஷம் முழுக்க இருந்தேன் மேடம்," என்றார், வெட்கப்பட்டவர் போல. வண்டி கிளப்புக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பெயரை யோசித்துக்கொண்டே வந்தார்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டோம். எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்து நுழைந்தார், சாப்பாட்டு மேசைக்கடியில் கால் வைக்க இடமில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். என் கணவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் "குட், குட்" என்று சொல்ல, இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்தார்கள். பதினைந்து வயது என் மகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவாள், தமிழே பாதிதான். அன்று என்னிடம் படித்த பிரெஞ்சில், வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "உங்கள் வாழ்க்கையில் மிகச் சிறந்த ஆட்டம் எது?"

அவர் அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். இருபத்திரண்டு வயதில், முதல் டிவிஷன் அரையிறுதி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை கடைசி நாலு நிமிடத்துக்கு உள்ளே அனுப்பினார்கள். நாலு நிமிடமும் எதிரணியின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஒரு கூடைகூடப் போடாமல் பார்த்துக்கொண்டார்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."

"உங்க அம்மா வந்திருந்தாங்களா?"

"அவங்களுக்கு டியூட்டி." பிறகு தட்டில் இருந்த அப்பளத்தை உடைத்தார். "டி.வி.யில போட்டாங்க. ஆனா அந்த நாலு நிமிஷத்துல விளம்பரம் வந்துடுச்சாம்."

என் மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிக்கிற விஷயமாகத்தான் அவர் அதைச் சொல்லிப் பழகியிருந்தார்.

ஜனவரி கடைசியில் அது நடந்தது. மாலை மேட்ச், இரண்டாம் பாதி. பந்து கூடை விளிம்பில் பட்டு மேலே எழும்பியது. அவர் குதித்துப் பிடித்துவிட்டுக் கீழே இறங்கினார். யாரும் இடிக்கவில்லை, யாரும் பக்கத்திலேயே இல்லை. இறங்கின கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. கட்டை உடைகிற மாதிரி இல்லை. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி.

தரையில் கிடந்தபடி அவர் தலையைத் தூக்கித் தேடினார். என்னைத்தான் தேடுகிறார் என்று புரிந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பயிற்சியாளர் குனிந்து, தொடர்ந்து ஆட முடியுமா என்று கேட்டார். நான் பிரெஞ்சில் கேட்டேன்.

"முடிஞ்சிடுச்சு மேடம்," என்றார்.

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த அரபு வார்த்தையைச் சொன்னேன். "கலாஸ்."

இரண்டு நாள் கழித்து அதே மருத்துவமனை, அதே டாக்டர். இந்த முறை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். கிளப் மேனேஜரும் வந்திருந்தார், குவைத்தி, மரியாதையான மனிதர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் படத்தை விளக்கினார். லிகமென்ட் அறுந்திருக்கிறது. அதைத் தைத்துவிடலாம். ஆனால் உள்ளே குருத்தெலும்பே கிட்டத்தட்ட மிச்சமில்லை. அது இந்த மேட்சில் நடந்தது அல்ல, வருடக்கணக்கான தேய்மானம். இனிமேல் ஆடுவது என்ற பேச்சே இல்லை. இதையெல்லாம் நான் ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். வகுப்பில் டிக்டேஷன் சொல்கிற மாதிரி சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் குரல் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். டாக்டர் பழைய கோப்பைத் திறந்து செப்டம்பரில் தான் எழுதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். வீக்கமில்லை என்றதும் விட்டுவிட்டேன். என் தவறு. எழுதியிருக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லுங்கள்," என்றார்.

சொன்னேன். அவர் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "டாக்டர்மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லுங்க. நான் மறைச்சேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கும் எதுவும் தெரியாது மேடம். அப்படியே இருக்கட்டும்."

டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் அவர் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். என் அப்பாவைவிட மூத்தவராக இருப்பார். செய்யாத தவறுக்காக அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், அன்னைக்கு அவர் வீங்குதுன்னுதான் சொன்னார். இல்லைன்னு சொன்னது நான்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

ஜன்னல் பக்கம் நின்றவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அடுத்த வாரம் கிளப் அலுவலகத்துக்கு அவரோடு என்னையும் கூப்பிட்டார்கள். பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதானே. மேனேஜர் எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். ஆட்டத்தில் அடிபட்டால் சீசன் முடியும்வரை கிளப் பார்த்துக்கொள்ளும், சிகிச்சையும் செய்யும். பழைய காயத்தை மறைத்திருந்தால் ஒப்பந்தம் ரத்து. அப்படித்தான் எழுதியிருந்தது.

"அவர் மறைக்கவில்லை சார். என்னிடம் சொன்னார். டாக்டரிடம் சொல்லாதது நான்," என்று வாதாடினேன்.

மேனேஜர் கோபப்படவே இல்லை. "மேடம், நீங்கள் ஏன் இல்லை என்றீர்கள்? அவர் கேட்டுக்கொண்டதாலா?"

இன்னொரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு அன்று உதவியிருக்கும். டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவே மேனேஜருக்குப் பதிலாகிவிட்டது. பிறகு ஒப்பந்தத்தை ரத்து செய்கிற கடிதத்தை நான்தான் வரி வரியாகப் படித்து ஆட்டக்காரருக்குச் சொன்னேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "மேடம், இத்தனை மாசம் நீங்க என்னோட குரலா இருந்தீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் உங்களுக்காகப் பேசினீங்க?"

லிஃப்ட் வந்தது. ஊன்றுகோலோடு அவர் உள்ளே போகும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

கும்பகோணத்துக்காரர் கீழே பார்க்கிங்கில் நின்றிருந்தார். "ஏன் மேடம் வாயத் தொறந்தீங்க? அந்த டாக்டருக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு நாள் வருத்தப்பட்டுட்டு மறந்திருப்பாரு. இவரு பொழப்புல்ல போச்சு."

என் கணவர், "நீ உண்மையைத்தானே சொன்ன," என்றார். முதல் தடவை மைக் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டு தடவையும் என்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார் என்று தெரியும். இரண்டும் எனக்கு உதவவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கிளம்பிய நாளில் கிளப் வண்டி வேறு எங்கோ போயிருந்தது. நாங்கள் எங்கள் காரில் கூட்டிப்போனோம். முன் சீட்டில் அவரால் காலை மடக்க முடியவில்லை. பின் சீட்டில் கதவில் முதுகைச் சாய்த்து, கட்டுப்போட்ட காலை சீட்டின் மீது நீளமாக நீட்டி உட்கார்ந்தார். அவருடைய பை என் மடியில். பாலைவனத் தூசி அன்று கொஞ்சம் கனமாக இருந்தது. விமானம் தாமதமாகுமா என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தவர் தமிழர். அரியலூர்ப் பக்கம் என்றார். அவரை உட்கார வைத்து, கால் வைக்கிற பலகையை எவ்வளவு இறக்கியும் போதாமல் திண்டாடினார்.

"யம்மாடி, என்னா ஒசரம்! சார் என்னம்மா வேலை பாக்குறாரு?"

"பாஸ்கெட்பால் பிளேயர்," என்றேன்.

அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று இவர் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"இருந்தார்னு சொல்லுங்க மேடம்."

நான் தயங்கினேன்.

"சொல்லுங்க. இது உங்க வேலைதானே."

அரியலூர்க்காரர் பக்கம் திரும்பி, "பிளேயரா இருந்தாரு," என்றேன். அவர் "பாவங்கம்மா," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் சோதனைக்கு முன் இவர் திரும்பி, ஊன்றுகோல் பிடிக்காத கையை உயர்த்தினார். என் கணவர் பதிலுக்குக் கையாட்டினார். நான் ஆட்டினேனா என்று எனக்கு நினைவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டதாம். அம்மா இருக்கிற ஊரிலேயே, கட்டடச் சாமான்கள் விற்கிற ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாராம். உட்கார்ந்து செய்கிற வேலை, பரவாயில்லை என்றார். படியில் மட்டும் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிகிறதாம். என் மகள் பிரெஞ்சைத் தொடர்கிறாளா என்று விசாரித்திருந்தார். பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டாள் என்று எழுதினேன்.

கூடவே இன்னொன்றும் எழுதினேன். அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் இல்லை என்று சொன்னதற்கும், ஜனவரியில் ஆமாம் என்று சொன்னதற்கும், இரண்டுக்குமே மன்னிப்புக் கேட்டு, பிழை இல்லாமல், ஹெட்மிஸ்ட்ரஸ் பிரெஞ்சில் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டார் என்று காட்டுகிற நீலக் குறிகள் அன்றைக்கே வந்துவிட்டன. பதில் வரவில்லை. புது வருடத்துக்கு வாழ்த்து அனுப்புகிறார், பனி விழுந்தால் படம் அனுப்புகிறார், அவருடைய அம்மாவுக்கு ஒரு முறை உடம்பு சரியில்லாமல் போனபோது அதையும் சொன்னார். நானும் எங்கள் வெயிலைப் பற்றி எழுதுகிறேன். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்வதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.